பந்தியில் நான்கு தட்டுகள்

ஒரே வரிசையில் உட்கார வைத்தவர்களுக்கு ஆளுக்கொரு விதமாகப் பரிமாறுவதைப் பந்தி வஞ்சனை என்று தமிழ்ச் சமூகம் நெடுங்காலமாகப் பழித்து வந்திருக்கிறது. சாதியின் பெயரால் பந்திகள் பிரிக்கப்பட்டிருந்த நாட்டில் சமபந்தி விருந்து என்பது சீர்திருத்தக்காரர்களின் கோரிக்கையாக எழ வேண்டியிருந்ததால், சோற்றில் வேறுபாடு காட்டுவது குற்றம் என்ற எண்ணம் இங்கே விருந்தோம்பல் முறை என்ற அளவோடு நின்றுவிடாமல், அறத்தின் அடிக்கற்களுள் ஒன்றாகவே பதிந்துள்ளது. அந்த எண்ணம் மனிதர்களைத் தாண்டியும் செல்கிறது. ஒன்றுக்கு மேற்பட்ட நாய்களை வளர்க்கும் வீடுகளில், காத்து நிற்கும் எல்லாத் தட்டுகளிலும் ஒரே கரண்டியால் ஒரே அளவு அள்ளி வைக்கும் கையை இயக்குவது பெரும்பாலும் அதுதான். ஒரு தட்டில் கோழி இறைச்சியும் அடுத்த தட்டில் சுரைக்காயும் இருப்பதைக் காணும்போது வளர்ப்பவரின் மனம் உறுத்துகிறது, அவ்வுறுத்தல் மதிக்கத்தக்கது. ஆயினும் நாயின் உடலைப் பற்றிக் கடந்த ஒரு நூற்றாண்டில் சேர்ந்துள்ள அறிவை வைத்துப் பார்த்தால், இந்தச் சம பங்கு அவ்வுயிர்களுள் சிலவற்றின் ஆயுளைக் குறைக்கிறது என்றும், சிலவற்றின் நோயை மறைக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்று நகரங்களிலும் சிற்றூர்களிலும் அரிதல்லாத ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அங்கே ஏழு வயதான, கருத்தடை செய்யப்பட்ட லாப்ரடார் ஒன்று இருக்கிறது. முப்பது கிலோ இருக்க வேண்டிய அது முப்பத்தெட்டு கிலோ இருக்கிறது. இரண்டு வயது ராஜபாளையம் ஒன்று, இருபத்தைந்து கிலோ எடையும் ஓயாத ஓட்டமுமாக இருக்கிறது. நான்கு மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறது. தெருவிலிருந்து எப்போதோ வீட்டுக்குள் வந்து, இப்போது பதின்மூன்று வயதைத் தொட்டு, சிறுநீரகம் தளர்ந்துவரும் நாட்டு நாய் ஒன்றும் உண்டு. இந்நான்கும் ஒரே நேரத்தில், ஒரே முற்றத்தில், ஒரே பானையிலிருந்து உண்கின்றன என்று வைத்துக்கொண்டால், அந்தப் பானையில் எதைச் சமைத்தாலும் குறைந்தது இரண்டு நாய்களுக்கு அது தவறான உணவாகத்தான் இருக்கும்.

முதலில் அளவைப் பார்க்கலாம். பெரிய நாய்க்கு எடைக்கு ஏற்ற விகிதத்தில் கூடுதல் உணவு வேண்டும் என்பது பொதுவான நம்பிக்கை. அதாவது பத்து கிலோ நாய் உண்பதைப் போல மூன்று மடங்கு முப்பது கிலோ நாய்க்கு வேண்டும் என்பது. சுவிட்சர்லாந்தில் பிறந்து கலிபோர்னியாவில் பணியாற்றிய மாக்ஸ் கிளைபர் என்ற உடலியல் அறிஞர், விலங்குகள் ஓய்வில் செலவழிக்கும் ஆற்றல் உடல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்பவே கூடுகிறது என்பதை 1932ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். கால்நடை மருத்துவர்கள் இன்றும் பயன்படுத்தும் வாய்பாடு அதிலிருந்து வந்ததே: கிலோவில் கூறப்படும் எடையை முக்கால் அடுக்குக்கு உயர்த்தி எழுபதால் பெருக்கினால், நாய் சும்மா படுத்திருக்கவும் மூச்சுவிடவும் செரிக்கவும் ஒரு நாளைக்குத் தேவையான கலோரி கிடைக்கிறது. பத்து கிலோ நாய்க்கு இது ஏறத்தாழ 394, முப்பது கிலோ நாய்க்கு ஏறத்தாழ 897. எடை மூன்று மடங்காக இருந்தும் தேவை இரண்டேகால் மடங்கைச் சற்றே தாண்டுகிறது. இந்த அடிப்படைத் தேவையைக் கருத்தடை செய்த வளர்ந்த நாய்க்கு 1.6 ஆலும், செய்யாத நாய்க்கு 1.8 ஆலும், நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மூன்றாலும், அதைக் கடந்து வளர்ந்துகொண்டிருக்கும் குட்டிக்கு இரண்டாலும் பெருக்குவது வழக்கம். எடை குறைய வேண்டிய நாய்க்கோ, இன்றைய எடையை விட்டுவிட்டு, இருக்க வேண்டிய எடைக்குரிய அடிப்படைத் தேவையை மட்டும் கொடுக்கிறார்கள். அக்கணக்கின்படி மேற்சொன்ன லாப்ரடாருக்கு நாளொன்றுக்கு 900 கலோரி போதும்; அதைவிட மிகவும் இலேசான ராஜபாளையத்துக்கு 1,400 கலோரி வேண்டியிருக்கிறது. பருமனான நாய்க்குச் சிறிய தட்டும் ஒல்லியான நாய்க்குப் பெரிய தட்டும் வைப்பதைத்தான் கணக்கு கேட்கிறது. வாய்பாடு தருவது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரே எடையும் ஒரே வயதும் உள்ள இரண்டு நாய்களின் உண்மைத் தேவைகூடக் கணிசமாக வேறுபடலாம் என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து அளவைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

கூடுதல் உணவு என்ன செய்கிறது என்பதற்கு மிகத் தெளிவான சான்று, அமெரிக்காவில் ராள்ஸ்டன் பியூரினா நிறுவனம் 1987இல் தொடங்கிய ஆய்விலிருந்து கிடைத்தது. ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, மொத்தம் நாற்பத்தெட்டு நாய்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு குழுக்களுக்கும் ஒரே தீவனம். ஒவ்வோர் இணையிலும் ஒரு நாய்க்கு, அதன் உடன்பிறப்பு உண்டதைவிட நான்கில் ஒரு பங்கு குறைவாக வைத்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, நிறைய உண்ட குழுவின் இடைநிலை ஆயுள் 11.2 ஆண்டு, குறைவாக உண்ட குழுவின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு. இடைநிலை ஆயுள் என்பது ஒரு குழுவில் பாதி நாய்கள் இறந்துவிட்டிருக்கும் வயதைக் குறிக்கிறது. ஆயுளைவிடவும் முக்கியமான எண் ஒன்று அந்த ஆய்வில் இருக்கிறது. மூட்டுத் தேய்வுக்காகத் தொடர்ந்து மருந்து தேவைப்பட்ட நாய்கள் குழுவில் பாதியை எட்டிய வயது, நிறைய உண்ட குழுவில் 10.3 ஆகவும், குறைவாக உண்ட குழுவில் 13.3 ஆகவும் இருந்தது. அதாவது ஒரு கரண்டிச் சோறு குறைந்ததால் கிடைத்தது, வலியில்லாமல் எழுந்து நடக்கக்கூடிய மூன்று ஆண்டுகள். நிறைய உண்ட குழு என்பதும் வாழ்நாள் முழுவதும் அளவில்லாமல் தின்ற குழுவாக இல்லை. பல வீடுகளில் நல்ல உடம்பு என்று பெருமையோடு சொல்லப்படும் மிதமான பருமனே அந்நாய்களுக்கு இருந்தது. பின்னர் 2019இல் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவமனைப் பதிவுகளைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு, ஆராயப்பட்ட பன்னிரண்டு இனங்களிலும் நடுவயதில் பருமனாக இருந்தவை குறைவாகவே வாழ்ந்தன என்று காட்டியது. அந்த இழப்பு ஆண் ஜெர்மன் ஷெப்பர்டில் ஐந்து மாதமாகவும் யார்க்‌ஷயர் டெரியரில் இரண்டரை ஆண்டாகவும் இருந்தது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் லாப்ரடாரின் தட்டில் கை குறைய மறுக்கிறது என்றால் அதற்குக் காரணம் அந்த நாயின் பார்வை. தின்று முடித்த நொடியிலேயே மறுபடி கேட்கும் அந்தக் கண்களை நடிப்பு என்றும் பேராசை என்றும் சொல்லித் தேற்றிக்கொள்வது எளிது. ஆனால் அது உண்மைக்கு மாறானது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரையொன்று, லாப்ரடார்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்குப் போம்சி எனப்படும் மரபணுவில் பதினான்கு எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டியது. உண்டது போதும் என்ற செய்தியை மூளைக்குள் கொண்டுசெல்லும் புரதங்களை உண்டாக்குவது அம்மரபணு. இவ்வாறு எழுத்துகள் விடுபட்ட மரபணுப் படி ஒவ்வொன்றுக்கும் நாயின் எடை சராசரியாக இரண்டு கிலோ அளவுக்குக் கூடுகிறது. உணவைப் பரிசாக வைத்துப் பழக்கப்படுவதற்கு மிகவும் ஏற்றவையாக இருப்பதால் இருக்கலாம், மாற்றுத் திறனாளிகளுக்கு உதவும் பணியில் இருந்த லாப்ரடார்களில் முக்கால் பங்குக்கு இக்குறைபாடு காணப்பட்டது. அதே குழு 2024இல் மேலும் ஒன்றைக் கண்டறிந்தது: இக்குறைபாடுடைய நாய்கள் ஓய்வில் இருக்கும்போது மற்றவற்றைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவான ஆற்றலையே செலவழிக்கின்றன. பசியும் கூடுதல், தேவையும் குறைவு. அப்படிப்பட்ட உயிரைப் பார்த்து உனக்குப் பசி இல்லை என்று சொல்வது பொய், அதற்குப் பசிக்கிறது. அதன் பசியை உண்மை என்று ஒப்புக்கொண்ட பின்னரும், கேட்டதைக் கொடுக்காமல் இருக்கும் பொறுப்பை வளர்ப்பவர் ஏற்க வேண்டியிருக்கிறது என்பதே இதில் உள்ள கடினம்.

இக்கடினத்தைக் குறைக்க வழிகள் இல்லாமலில்லை. புரதமும் நார்ச்சத்தும் சேர்ந்து கூடியிருக்கும் உணவு, அதே கலோரியுள்ள வெறும் சோற்றைவிட நீண்ட நேரம் பசியைத் தாங்கும். வேகவைத்த பீன்ஸ், சுரைக்காய், பூசணி, வெள்ளரி போன்றவை தட்டை நிறைக்கும், எடையை ஏற்றா. ஒரு நாள் பங்கை மூன்றாகப் பிரித்து வைக்கலாம். நக்கியும் தேடியும் எடுக்க வேண்டிய கிண்ணங்களில் வைத்து, இரண்டு நிமிடத்தில் முடியும் உணவைக் கால்மணி நேரமாக நீட்டலாம். முறையாகக் குறைத்தால் வாரத்துக்கு உடல் எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு இறங்கும். எட்டு கிலோ குறைய வேண்டிய நாய்க்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். தைராய்டு சுரப்பி குன்றியிருந்தாலும் நாய் பருக்கும் என்பதால், உணவைக் குறைக்கத் தொடங்கும் முன் அதைச் சோதித்துவிடுவது நியாயமானது.

ராஜபாளையத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. தென் மாவட்டங்களின் வேட்டை நாய்களான ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை ஒடுங்கிய வயிறும் ஆழ்ந்த மார்பும் மெல்லிய தோலும் கொண்டவை; நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும்போதே கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியும். லாப்ரடாரைப் பார்த்துப் பழகிய கண், இவற்றைப் பட்டினி கிடப்பவை என்று எண்ணி நெய்யும் சோறுமாகத் திணிக்கிறது. எடைக் கருவியின் எண் மட்டும் போதாது என்பதால்தான், 1997இல் வெளியான ஒன்பது புள்ளி உடல்நிலை அளவுகோல் கால்நடை மருத்துவத்தில் நிலைத்தது. விலாவை அழுத்தாமல் தடவினாலே எலும்புகள் கைக்குத் தட்டுப்படுகின்றனவா, மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிகிறதா, பக்கவாட்டில் வயிறு மேலேறிச் செல்கிறதா என்ற மூன்றையும் கொண்டு நான்கு அல்லது ஐந்து புள்ளியைச் சரியான நிலை என்கிறார்கள்; ஐந்துக்கு மேல் ஏறும் ஒவ்வொரு புள்ளியும் பத்து முதல் பதினைந்து விழுக்காடு மிகை எடையைக் குறிக்கிறது. இந்த அளவுகோலையும் இனத்தின் உடல்வாகு அறிந்தே படிக்க வேண்டும். ஆழ்ந்த மார்புள்ள நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து கூடுதல். போட்டி போட்டு விழுங்குவதும், நாளுக்கு ஒரே வேளை நிறைய உண்பதும் அவ்வாபத்தை வளர்க்கின்றன. லாப்ரடாருக்கு அருகில் நின்று அவசரமாகத் தின்னும் ராஜபாளையம், குறைந்த உணவோடு இந்த ஆபத்தையும் சேர்த்தே பெறுகிறது.

குட்டிக்குச் செய்யப்படும் தவறு பெரும்பாலும் அன்பின் மிகுதியால் நேர்வது. எலும்பு வலுப்பெற வேண்டும் என்று கால்சியம் சிரப்பை வாங்கி ஊற்றும் வழக்கம் தமிழகத்தில் பரவலாக உள்ளது. வளர்ந்த நாய் தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைக் குடலிலேயே தடுத்துவிடும். ஏறத்தாழ ஆறு மாதம் வரை குட்டியால் அவ்வாறு தடுக்க இயலாது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகள், மிகை கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கோணலாக்குவதை நிறுவின. சரிவிகிதமான குட்டித் தீவனம் உண்ணும் பெரிய இனக் குட்டிக்கு மேலதிகக் கால்சியம் தீங்கு. வெறும் சோறும் இறைச்சியும் உண்ணும் குட்டிக்கோ கால்சியம் உண்மையிலேயே குறைவு. ஒரே மருந்து ஒரு வீட்டில் நன்மையும் அடுத்த வீட்டில் கேடுமாக மாறுவது இதனால்தான். பெரிய இனக் குட்டி கொழுகொழுவென்று வளர வேண்டிய தேவையும் இல்லை; மெதுவாக, மெலிந்தே வளர்வது அதன் மூட்டுகளுக்கு நல்லது.

முதிய நாட்டு நாயிடம் வரும்போது கேள்வி வேறாகிறது. சோறு தின்று வளர்ந்தது என்பதில் குறை ஒன்றுமில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு, ஓநாயில் இரண்டு படிகளாகவும் நாய்களில் நான்கிலிருந்து முப்பது படிகள் வரையும் இருப்பதை சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் 2013இல் காட்டியிருக்கிறார்கள். மனிதரின் அடுப்போரத்தில் வாழ்ந்ததன் அடையாளம் அது. இப்போது அந்த முதிய நாயின் சிறுநீரகத்தால் பாஸ்பரஸைப் போதிய அளவு வெளியேற்ற முடியவில்லை. எலும்பும் ஈரலும் நிறைந்த தட்டும், குட்டிக்கென்று வாங்கிய செறிவான தீவனமும் அதற்கு நஞ்சுக்கு அடுத்த நிலையில் இருக்கின்றன. பாஸ்பரஸும் புரதமும் குறைக்கப்பட்ட சிறுநீரக உணவைக் குட்டி உண்டாலோ அதன் வளர்ச்சி குன்றும். வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக எல்லா முதிய நாய்களுக்கும் புரதத்தைக் குறைப்பதும் பிழை, ஏனென்றால் நோயற்ற முதுமையில் தசை கரைவதைத் தடுக்கப் புரதம் தேவை. இரத்தப் பரிசோதனையின்றி இதை முடிவு செய்ய இயலாது. தண்ணீரை மட்டும் எந்த நிலையிலும் அளந்து வைக்கக் கூடாது.

பொதுத் தட்டின் மிகப் பெரிய கேடு இங்கேதான் வெளிப்படுகிறது. நோயின் முதல் அறிகுறிகளுள் ஒன்று உணவு மிஞ்சுவது: பல் வலி, சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் கோளாறு, புற்றுநோய் எல்லாமே தட்டில் தெரியக்கூடியவை. நான்கு நாய்கள் உண்ணும் முற்றத்தில் தட்டு ஒருபோதும் மிஞ்சுவதில்லை, ஏனெனில் முதிய நாய் விட்டதை லாப்ரடார் முடித்துவிடுகிறது. எல்லாம் நன்றாகச் சாப்பிட்டன என்று வீட்டார் நிறைவோடு சொல்லும் வாரங்களில் ஒன்று பருத்துக்கொண்டும் மற்றொன்று கரைந்துகொண்டும் இருக்கின்றன. முதுகெலும்பு துருத்தித் தெரியும்போதுதான் மருத்துவரிடம் போகிறார்கள். தனித்தனியே உணவு வைப்பதை வசதிக்கான ஏற்பாடு என்று கருதுவது போதாது. ஒவ்வோர் உயிரையும் தனித்தனியே அறிந்துவைத்திருப்பதற்கு வீட்டிலுள்ள எளிய வழி அதுவே.

ஒரு குட்டி தனியாக உண்பதைவிடக் கூட்டத்தில் நின்று உண்ணும்போது அதிகம் உண்கிறது என்பது 1949இலேயே ஆய்வில் பதிவான செய்தி. பக்கத்தில் இன்னொரு வாய் அசைவதே உண்ணத் தூண்டுகிறது என்னும் இந்நிலையைச் சமூகத் தூண்டல் என்பார்கள். ஆகவே அறை அறையாகப் பிரித்தோ, அறை போதாத வீட்டில் சங்கிலியால் எட்டாத தொலைவில் கட்டியோ, ஒரே நேரத்தில் எல்லாத் தட்டுகளையும் வைத்து, இருபது நிமிடம் கழித்து மிஞ்சியது எவ்வளவு என்று பார்த்துவிட்டு எடுத்துவிடுவதே தக்க முறை. டம்ளரால் அளப்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் நிறுப்பது மாறாது. நூறு கிராம் வடித்த சோற்றில் ஏறத்தாழ 130 கலோரியும், அதே எடையுள்ள உலர் தீவனத்தில் 350 முதல் 400 வரையும் இருப்பதால், பாதி சோறு பாதி தீவனம் என்று கலப்பவர்கள் கண்ணளவை நம்பவே கூடாது. பெரிய நாயைத் தூக்கிக்கொண்டு எடைக் கருவியில் ஏறித் தன் எடையைக் கழித்துக்கொள்ள இயலாதவர்களுக்குப் பெரும்பாலான கால்நடை மருத்துவமனைகளில் தரையளவுத் தராசு இருக்கிறது.

கணக்கு உடையும் இடம் பெரும்பாலும் சாப்பாட்டு வேளைக்கு வெளியே இருக்கிறது. காலையில் தேநீரோடு பாட்டி போடும் பிஸ்கட், பள்ளியிலிருந்து வந்த பிள்ளை தரும் முறுக்கு, இட்லித் துண்டு, விருந்தினர் நீட்டும் இனிப்பு எதுவும் யாருடைய கணக்கிலும் சேர்வதில்லை. நூறு கிராம் இனிப்பு பிஸ்கட்டில் ஏறத்தாழ 450 கலோரி இருக்கிறது. லாப்ரடாரின் ஒரு நாள் பங்கில் அது பாதி. இத்தகைய இடைத்தீனி ஒரு நாள் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்களின் விதி. பாட்டியின் கையைத் தடுப்பது தேவையற்றது, கொடுமையும்கூட. காலையில் நிறுத்த தீவனத்திலிருந்து ஒரு பிடியை எடுத்து அவர் பக்கத்தில் ஒரு டப்பாவில் வைத்துவிட்டால், கொடுக்கும் மகிழ்ச்சி அவருக்கும் வாங்கும் மகிழ்ச்சி நாய்க்கும் குறையாது. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகியவை எந்த நாய்க்கும் எந்த அளவிலும் ஆகா என்பதை மட்டும் வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.

பந்தி வஞ்சனை என்ற உறுத்தலுக்கு நாய்களிடமிருந்தே ஒரு பதில் உண்டு. வியன்னாவில் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு நாய்களை அருகருகே உட்கார வைத்து முன்காலை நீட்டச் சொன்னார்கள். ஒன்றுக்குப் பரிசு கொடுத்து மற்றொன்றுக்கு எதுவும் கொடுக்காதபோது, கிடைக்காத நாய் விரைவிலேயே கால் நீட்ட மறுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒன்றுக்குத் தொத்திறைச்சியும் மற்றொன்றுக்கு ரொட்டியும் கொடுத்தபோதோ, ரொட்டி பெற்ற நாய் மறுக்கவில்லை. தான் விடுபடுவதை அவை உணர்கின்றன. அடுத்த தட்டில் மேலானது இருப்பதை அவ்வாறு பொருட்படுத்துவதாகத் தெரியவில்லை. ஆகவே எல்லாத் தட்டுகளும் ஒரே நேரத்தில் கீழே வைக்கப்படுவதும், எந்தத் தட்டும் வெறுமையாக இல்லாதிருப்பதுமே அவற்றின் பந்திக்குரிய நியாயம்.

இவ்வளவு கண்டிப்புக்கும் ஓர் எல்லை உண்டு. சிறுநீரக நோயை மருத்துவர்கள் நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். இடை நிலைகளில் உணவுக் கட்டுப்பாடு மாதங்களையும் சில வேளைகளில் ஆண்டுகளையும் ஈட்டித் தருகிறது. கடைசி நிலையில் நாய் அந்த உணவை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்போது, சரியான உணவை உண்ணாமல் கிடப்பதைவிட வேறு எதையாவது உண்பதே மேல் என்று அதே மருத்துவர்கள் கூறுகிறார்கள். அப்போது அது தயிர்ச்சோறு கேட்டால் தயிர்ச்சோறே கொடுக்க வேண்டும்.